கவிதையின் ஓசையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

நிலா நிலா ஓடி வா
நில்லாமல் ஓடி வா
மலை மேலே ஏறி வா
மல்லிகைப்பூ கொண்டு வா

இந்த நாலு வரியை யாரும் நம்மை உட்காரவைத்து மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பேச்சே சரியாக வராத வயதில் தானாக ஒட்டிக்கொண்டது. ஏன் ஒட்டியது என்று இப்போது நிதானமாகப் பார்க்கலாம். நாலு வரியும் 'வா' என்று முடிகிறது. முதல் இரண்டு வரிகள் 'நி' என்று தொடங்குகின்றன, அடுத்த இரண்டும் 'ம' என்று தொடங்குகின்றன. 'வா' மாறவே இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் சொல்தான் ஓடி, ஓடி, ஏறி, கொண்டு என்று மாறுகிறது. குழந்தை தன் கோரிக்கையை விடவில்லை, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. முதலில் வந்தால் போதும். கடைசியில் பூவும் வேண்டும்.

ஒரு கவிதையின் ஓசையை ஆராய்வது என்றால் இவ்வளவுதான். எந்த ஒலி திரும்ப வருகிறது, எந்த இடத்தில் வருகிறது, எங்கே மாறுகிறது, அந்த மாற்றம் பொருளுக்கு என்ன செய்கிறது என்று கேட்பது. பள்ளியில் நாம் பெரும்பாலும் முதல் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுவோம். 'எதுகை: கற்க, நிற்க' என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். என்னைக் கேட்டால் கவிதை திறந்துகொள்வது மூன்றாவது, நான்காவது கேள்விகளில்தான். அந்தக் கேள்விகளுக்குப் போக, முதல் இரண்டும் கைக்கு வந்திருக்க வேண்டும். அங்கிருந்தே தொடங்குவோம்.

எதற்கும் முன்னால், பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் ஓசை பிடிபடாது. இரண்டாம் முறை படிக்கும்போது நாக்கு எங்கே தானாக நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று கவனியுங்கள். பென்சிலை அதற்கப்புறம் எடுக்கலாம்.

எதுகை, மோனை, இயைபு

மோனை என்பது முதல் எழுத்து ஒத்து வருவது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. இயைபு என்பது முடிவில் ஒத்து வருவது. நிலாப் பாட்டில் 'வா' இயைபு. நி–நி, ம–ம இரண்டும் மோனை.

எதுகையில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். 'பாட்டு', 'கேட்டு' இரண்டும் எதுகை. இரண்டும் நெடிலில் தொடங்குகின்றன. 'பட்டு', 'பாட்டு' எதுகை ஆகாது. முதலில் இது தேவையில்லாத கண்டிப்பு போலத் தோன்றும். ஆனால் இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: குறிலுக்கு அப்புறம் வரும் 'ட்டு' காதில் விழும் வேகம் வேறு, நெடிலுக்கு அப்புறம் வருவது வேறு. இலக்கணம் காது சொல்வதைத்தான் எழுதிவைத்திருக்கிறது.

மோனைக்குச் சலுகை அதிகம். ஒரே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் ச–த, ஞ–ந, ம–வ ஒன்றுக்கொன்று மோனையாக வரலாம். 'இன்று' என்ற சொல்லுக்கு 'எங்கே' மோனை என்றால் புதிதாகப் படிப்பவர்கள் திகைப்பார்கள். இந்த இனப் பட்டியல் கையில் இருந்தால் திகைப்பு வராது. அடி என்பது பாட்டின் ஒரு வரி, சீர் என்பது அடியை வெட்டினால் கிடைக்கும் ஒரு பகுதி. ஒரே அடிக்குள் எந்தெந்தச் சீர்களில் மோனை வருகிறது என்பதைப் பொறுத்து இணை, பொழிப்பு, ஒரூஉ என்று பெயர்கள் நீளும். அவற்றை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் வருகிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

சரி, இப்போது பாரதியார் பாட்டு ஒன்று. எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அச்சமில்லை அச்சமில்லை அச்சமென்ப தில்லையே
இச்சகத்து ளோரெலாம் எதிர்த்து நின்ற போதினும்
அச்சமில்லை அச்சமில்லை அச்சமென்ப தில்லையே
துச்சமாக எண்ணி நம்மைத் தூறுசெய்த போதினும்
அச்சமில்லை அச்சமில்லை அச்சமென்ப தில்லையே

பாட்டு இப்படியே தொடர்கிறது. இடையில் வரும் வரிகளின் முதற்சொற்களை மட்டும் வரிசையாக எடுத்துப் பாருங்கள்: இச்சகத்து, துச்சமாக, பிச்சை, இச்சை, கச்சணிந்த, நச்சை, பச்சை, உச்சி. எல்லாவற்றிலும் இரண்டாம் எழுத்து 'ச்'. எதுகை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். நகராமல் ஒரு கேள்வி கேளுங்கள்: இவை எந்தச் சொல்லோடு எதுகை? 'அச்சம்' என்ற சொல்லோடு. உலகமே எதிர்த்து நிற்பது, இகழப்படுவது, பிச்சை எடுக்க நேர்வது, ஆசைப்பட்டதை இழப்பது, நண்பரே நஞ்சு ஊட்டுவது, வானம் தலையில் இடிந்து விழுவது என்று வரும் ஒவ்வொரு சோதனையும் அச்சத்தின் ஓசையோடுதான் உள்ளே நுழைகிறது. உடனே அடுத்த வரி வந்து 'அச்சமில்லை' என்று அதை மறுக்கிறது. பயத்தின் எதிரொலி காதில் அடங்குவதற்குள் மறுப்பு வந்துவிடுகிறது. எதுகை இங்கே அலங்காரமாக வரவில்லை, வாதமே அதன் வழியாகத்தான் நடக்கிறது.

மோனையையும் பாருங்கள். 'துச்சமாக எண்ணி நம்மைத் தூறுசெய்த' என்பதில் து–தூ. 'இச்சகத்து' வரியில் இ–எ. 'நச்சை' என்று தொடங்கும் வரியின் பிற்பாதி 'நண்பர்' என்று தொடங்குகிறது. நஞ்சும் நண்பரும் ஒரே ஒலியில் கைகோத்து வருகிறார்கள். ஆனால் 'உச்சிமீது வானிடிந்து வீழுகின்ற போதினும்' என்ற வரியின் பிற்பாதியில் உகரத்துக்கு மோனை இல்லை. இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் எதுகை, மோனை என்று எல்லாத் தொடையும் இருக்க வேண்டும் என்று எந்த நல்ல கவிஞரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை.

அலகிடுதல்

பாட்டின் அடியை அசை, சீர் என்று வெட்டிப் பார்ப்பதுதான் அலகிடுதல். பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான். அசை, சீர், தளை என்ற பெயர்களைக் கேட்டதுமே கணக்குப் பாடம் நினைவுக்கு வந்துவிடும். உண்மையில் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடியது இது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமிதசாகரர் எழுதிய யாப்பருங்கலக்காரிகை, தொடங்குபவர்களுக்காகவே இதைச் சுருக்கிச் சொன்ன நூல்.

எழுத்துகள் சேர்ந்த மிகச் சிறிய ஓசைத் துண்டு அசை. அது இரண்டு வகை: நேர், நிரை. ஒரு குறிலோ நெடிலோ தனியாக நின்றால் நேர். அதற்கு அடுத்துப் புள்ளி வைத்த எழுத்து வந்தாலும் நேர். இரண்டு குறில் சேர்ந்து வந்தால், அல்லது குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தால், நிரை. பின்னால் புள்ளி எழுத்து வந்தாலும் நிரை. ஒரு சீரின் தொடக்கத்தில் குறில் வந்து அடுத்த எழுத்தும் உயிரோ உயிர்மெய்யோ ஆனால், அந்தக் குறில் அடுத்ததோடு சேர்ந்து நிரையாகிவிடும். நெடில் அப்படி யாரோடும் சேராது, அங்கேயே வெட்டிவிடலாம்.

அசைகள் சேர்ந்தது சீர். சீர்களை நினைவில் வைக்க வாய்பாட்டுச் சொற்கள் இருக்கின்றன: நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நேர்நிரை கூவிளம், நிரைநிரை கருவிளம். ஒவ்வொரு சொல்லும் தன்னுடைய அசைகளைத் தானே சொல்லிவிடும்: தே/மா, புளி/மா, கூ/விளம், கரு/விளம். இவற்றோடு இன்னொரு நேரசை சேர்ந்தால் தேமாங்காய், புளிமாங்காய் என்று காய்ச்சீர் ஆகும்.

இப்போது ஒரு குறளை வெட்டிப் பார்ப்போம்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

கற்/க, கச/டறக், கற்/பவை, கற்/றபின். நிற்/க, அதற்/குத், தக. வாய்பாட்டில் சொன்னால் தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம். தேமா, புளிமா, மலர். குறள் வெண்பா வகையைச் சேர்ந்தது. வெண்பாவின் கடைசிச் சீர் மட்டும் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) என்ற நான்கில் ஒன்றாக இருக்கும். 'தக' ஒற்றை நிரையசை, அதனால் மலர்.

தளை என்பது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை. வெண்பாவில் விதி எளிது. மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். விளத்தில் முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும். காயில் முடிந்தாலும் நேர்தான். மேலே உள்ள குறளில் ஒவ்வொரு சந்தியையும் சரிபாருங்கள்; ஒன்றுகூடத் தப்பவில்லை.

இந்த விதியால் என்ன பயன் என்று புரிய ஒரு சின்னச் சோதனை செய்யலாம். முதல் இரண்டு சொற்களை இடம் மாற்றுங்கள்: 'கசடறக் கற்க கற்பவை கற்றபின்'. பொருள் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் 'கற்க' என்ற தேமாவுக்கு அடுத்து 'கற்' என்ற நேர் வந்து தளை தட்டுகிறது. வாய்விட்டுச் சொன்னால் அந்த இடத்தில் நாக்கு இடறுவது தெரியும். அதோடு 'கசடற' முன்னால் வந்துவிட்டதால் அடுத்த அடியின் 'நிற்க'வோடு இருந்த எதுகையும் போய்விட்டது. இப்படிச் சொல்லை மாற்றிவைத்துப் பார்ப்பதை நான் எந்தப் பாட்டுக்கும் பரிந்துரைப்பேன். எதை இழக்கிறோம் என்று பார்த்தால், அங்கே என்ன இருந்தது என்று தெரிந்துவிடும்.

இனி அந்தக் குறளின் ஓசையைக் கேட்போம். முதலடியின் நான்கு சீரும் 'க'வில் தொடங்குகின்றன. அதில் மூன்று 'கற்' என்றே வருகின்றன: கற்க, கற்பவை, கற்றபின். நெடில் என்று பார்த்தால் 'பவை'யின் ஐகாரம் ஒன்றுதான், அதுவும் சொல்லின் இறுதியில் குறுகி ஒலிக்கிறது. மீதி எல்லாம் குறில். நீட்டி இழுத்து ராகமாகச் சொல்ல இதில் இடமே இல்லை. ஏழு சீரில் ஆறில் றகரம் இருக்கிறது. கட்டளை போடும் குரல் இது, சொற்கள் வெட்டி வெட்டி விழுகின்றன.

இரண்டாம் அடிக்கு வந்ததும் 'கற்' நின்றுவிடுகிறது. அதன் இடத்தில் 'நிற்க'. எதுகை இரண்டையும் கட்டுகிறது, மோனை மாறிப்போகிறது. படிப்பும் வாழ்க்கையும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, ஆனால் ஒன்றே அல்ல என்பதை அந்த ஒரு எழுத்து மாற்றம் செய்துகாட்டுகிறது. முதலடி முழுக்கப் படிப்பு, நான்கு சீர். அடுத்த அடி மூன்று சீர்தான், அதிலும் கடைசிச் சீர் ஓரசை. றகரம் இல்லாத ஒரே சீர் அது. பேச்சு சட்டென்று முடிந்துவிடுகிறது. இனி செய்ய வேண்டியவர் படிப்பவர்தான்.

பாரதியின் பாட்டுக்கு ஒரு நிமிடம் திரும்பலாம். அச்ச/மில்லை/அச்ச/மில்லை/அச்ச/மென்ப/தில்லையே: ஆறு தேமா, ஒரு கூவிளம். அடுத்ததையும் இச்ச/கத்து/ளோரெ/லாமெ/திர்த்து/நின்ற/போதினும் என்று பிரித்தால் அதே கணக்கு. 'உச்சி மீது வானி டிந்து வீழு கின்ற போதினும்' என்பதும் அப்படியே. சொல் நடுவில் வெட்டுப்பட்டாலும் சந்தம் குலையவில்லை. கூட்டமாக நடந்துகொண்டே பாடக்கூடிய நடை இது. குறளில் அந்த நடைக்கு வாய்ப்பே இல்லை. வானம் இடிகிற வரியிலும் தாளம் தப்பாமல் இருப்பது, பாடுகிறவர் நடுங்கவில்லை என்பதற்கு நல்ல சாட்சி.

திரும்ப வருவது

ஒரு சொல்லோ தொடரோ திரும்ப வந்தால் அதற்கு இரண்டு கேள்விகள். திரும்ப வரும்போது பொருள் அதேதானா? திரும்பி வருவது எங்கே நின்றுபோகிறது?

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

உண்பவர்களுக்கு நல்ல உணவை உண்டாக்கித் தந்து, தானும் அவர்களுக்கு உணவாகிறது மழை என்பது பொருள். 'துப்பு' என்ற ஒலி ஐந்து முறை வருகிறது. உண்பவர், நல்ல, உணவு என்று பொருள் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே போகிறது. இதைச் சொல் விளையாட்டு என்று மட்டும் சொல்லி ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீர்களை எண்ணிப் பாருங்கள். ஏழில் ஆறு 'து' அல்லது 'தூ' என்று தொடங்குகின்றன. ஏழாவது சீர் 'மழை'. ஆறு முறை தட்டிய ஒலி நின்று, புதிய ஒலியில் அந்தப் பெயர் வருகிறது. இத்தனையும் செய்வது யார் என்ற பதில் அதுவரை மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது. 'மழை துப்பார்க்குத் துப்பாக்கும்' என்று தொடங்கியிருந்தால் அந்தக் காத்திருப்பே இருந்திருக்காது.

'தூஉம்' என்பதில் இருக்கும் அந்தக் கூடுதல் உகரத்தையும் கவனியுங்கள். இதுதான் அளபெடை. அதை எடுத்துவிட்டால் ஓரசைதான் மிஞ்சும், சீர் நிரம்பாது. ஓசை நிரம்புவதற்காக நீண்ட அந்த எழுத்து, 'மழை'க்கு முன்னால் நம்மை ஒரு கணம் கூடுதலாக நிறுத்தியும் வைக்கிறது.

எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டில்

கடைசியாகக் குறுந்தொகையின் 40ஆம் பாட்டை முழுசாக எடுத்துக்கொள்வோம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

என் தாயும் உன் தாயும் யாரோ. என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு. நானும் நீயும் எப்படி அறிந்தோம்? செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் தாமே கலந்துவிட்டன.

முதல் மூன்று வரிகளும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்பாதியில் 'உம்' சேர்ந்த இரண்டு பேர், பின்பாதியில் ஒரு கேள்வி. யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும். முதல் இரண்டு இணைகளில் சொற்களே ஒன்றையொன்று ஒத்து ஒலிக்கின்றன: யாய்–ஞாய், எந்தை–நுந்தை. மூன்றாவதில் அந்த ஒற்றுமை இல்லை. 'யான்', 'நீ' இரண்டும் வெவ்வேறு ஒலி. உறவே இல்லாத பெற்றோர்களின் பெயர்கள் இணையாக ஒலிக்க, காதலர் இருவர் மட்டும் ஒலியில் தனித்தனியாக நிற்கிறார்கள். இதைப் புலவர் திட்டமிட்டுத்தான் வைத்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பாட்டில் அது இருக்கிறது, காதில் விழுகிறது.

நான்காம் வரியில் 'உம்' நின்றுவிடுகிறது. கேள்வியும் நின்றுவிடுகிறது. அலகிட்டால் இன்னொன்றும் தெரியும்: செம்/புலப், பெய/னீர், போ/ல. மூன்றே சீர். மற்ற எல்லா வரியிலும் நான்கு. இந்தப் பாட்டு நேரிசை ஆசிரியப்பா என்ற பா வகை. அதில் கடைசிக்கு முந்தைய அடி முச்சீராக வர வேண்டும் என்பது விதி. இது எல்லாப் புலவருக்கும் பொதுவான விதிதான். அந்தக் குறைந்த அடியில் எதைக் கொண்டுவந்து வைக்கிறார் என்பதில்தான் இவருடைய திறமை இருக்கிறது. மூன்று கேள்விகள் அடுக்கி முடித்ததும் ஓசை ஒரு சீர் குறைகிறது, அந்த இடத்தில் மழைநீர் செம்மண்ணில் விழுகிறது. பிறகு மறுபடி நான்கு சீர், இரண்டு நெஞ்சமும் கலந்த செய்தி, ஏகாரத்தில் முடிவு. 'செம்புல', 'அன்புடை' இரண்டிலும் இரண்டாம் எழுத்து மெல்லினம், ம்–ன். இதை இன எதுகை என்பார்கள். உவமையும் உவமிக்கப்படுவதும் ஒலியிலும் இணைந்துவிட்டன. இந்தப் புலவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. செம்புலப் பெயனீரார் என்றே அழைக்கிறோம். மூன்று சீர் கொண்ட அந்த வரியே அவருக்குப் பெயராகிவிட்டது.

அலகிடும்போது 'எந்தையும்' என்பதில் சிலர் குழம்பலாம். சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் ஐகாரம் குறுகி ஒலிக்கும். அதனால் எந்/தையும் என்று பிரித்துக் கூவிளம் எனக் கொள்ளலாம்.

புதுக்கவிதைக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பார்கள். தளையும் வாய்பாடும் அங்கே தேவைப்படாது. மற்றபடி கேள்விகள் அதேதான். எந்தச் சொல் திரும்ப வருகிறது, எந்த வரி திடீரென்று சுருங்குகிறது, ஒரே அமைப்பில் போய்க்கொண்டிருந்த வாக்கியம் எங்கே உடைகிறது என்று பார்க்கலாம். சொல்லப்போனால், வரியை எங்கே வெட்டுவது என்பதை இலக்கணம் தீர்மானிக்காததால் அங்கே ஒவ்வொரு வெட்டும் கவிஞரின் சொந்த முடிவு. அதனால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எழுதும்போது கண்டதை, கண்ட இடத்தை, அது செய்வதை ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். 'இப்பாடலில் எதுகை, மோனை நயம் சிறப்பாக அமைந்துள்ளது' என்ற வாக்கியத்தை எந்தப் பாட்டுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், அதனால் எந்தப் பாட்டைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை. 'முதல் மூன்று அடிகளில் இணை இணையாக வந்த உம்மை நான்காம் அடியில் நின்றுவிட, கேள்விகளும் அங்கேயே ஓய்கின்றன' என்று எழுதினால் அது இந்தப் பாட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஓசைக்கும் பொருளுக்கும் தொடர்பு தெரியாத இடங்களும் இருக்கும். அங்கே வலிந்து ஒன்றைக் கட்டாமல் விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று:

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

நீங்களே அலகிட்டு முடித்தபின் இதோடு ஒப்பிடலாம். புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா. புளிமா, புளிமா, பிறப்பு. எதுகை அகர–பகவன். மோனை முதல் சீரிலும் நான்காம் சீரிலும், அ–ஆ. 'முதல', 'முதற்றே' இரண்டும் தத்தம் அடியின் இரண்டாம் சீராக நிற்கின்றன. எழுத்துகளைப் பற்றிச் சொன்ன அதே இடத்தில், அதே சொல்லால், உலகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறார்.